சந்தன மணத்துக்கு இரண்டு விலை

திருமண மண்டபத்தின் வாயிலில் நம்மை முதலில் வரவேற்பவை பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டும்தாம். விரல் நுனியால் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறோம். அந்த மணம் மரத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று அந்த வேளையில் எவரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய இடமும் அதுவன்று. ஆனால், சந்தனத்தின் பெயரைச் சொல்லி விற்கப்படும் சோப்பையும் ஊதுவத்தியையும் அத்தரையும் பணம் கொடுத்து வாங்கும்போது இந்தக் கேள்வியை எழுப்புவதில் தவறில்லை.

ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குவோம். நல்ல இந்தியச் சந்தன எண்ணெயின் விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கணக்குக்கு எளிதாக ஒரு லட்சம் என்றே கொள்வோம். அப்படியானால் ஒரு கிராமின் விலை நூறு ரூபாய். நூறு கிராம் எடையுள்ள குளியல் சோப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு மணப்பொருள் சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், அது ஒரு கிராம். அந்த ஒரு கிராமும் தூய சந்தன எண்ணெயாகவே இருக்குமானால், மணத்துக்கு மட்டும் நூறு ரூபாய் செலவாகும். சோப்பின் விலையோ நாற்பது ரூபாய். மீதியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதைக் கொண்டு அந்தச் சோப்பு செய்தவர் ஏமாற்றுக்காரர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நாம் நுகரும் சந்தன மணத்தின் பெரும்பகுதி இன்று வேறொரு வழியில் பிறக்கிறது. அந்த வழி எது, அது மரத்துக்கும் நமக்கும் என்ன செய்திருக்கிறது என்பதை அறிந்துகொண்டால், எதற்கு எவ்வளவு விலை தரலாம் என்பதும் விளங்கும்.

மரம் கேட்கும் காலம்

சந்தன மரத்தின் தாவரவியற் பெயர் சாண்டலம் ஆல்பம். பிற மரங்களைப் போல் தன் வேரை மட்டும் நம்பி இது வாழ்வதில்லை. பக்கத்திலுள்ள செடிகொடிகளின் வேர்களில் தன் வேரை ஒட்டவைத்து, அவற்றிலிருந்து நீரையும் சத்தையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும் அரை ஒட்டுண்ணி இது. துணைச் செடி இல்லாத இடத்தில் சந்தனம் செழிப்பதில்லை.

மரம் முழுவதும் மணப்பதும் இல்லை. வெளிப்புறத்து வெள்ளை மரத்துக்கு மணம் கிடையாது. நடுவேயுள்ள வைரமே மணக்கும். அந்த வைரம் உருவாகத் தொடங்கவே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆகும். நல்ல பலன் தருவதற்குப் பதினைந்து முதல் முப்பது ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டும். வேரிலும் எண்ணெய் உண்டு என்பதால், சந்தனத்தை வெட்டுவதைவிட வேரோடு அகழ்ந்தெடுப்பதே வழக்கம். 

எண்ணெயின் மணத்துக்குக் காரணம் சான்டலால் என்னும் பொருள். அதில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகைகள் முக்கியமானவை. நாம் சந்தனம் என்று உணரும் பால் போன்ற இனிய மணத்தைப் பெரிதும் தருவது பீட்டா வகை. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் அளவுகோலின்படி, இந்தியச் சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சான்டலால் 41 முதல் 55 விழுக்காடும், பீட்டா சான்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருத்தல் வேண்டும்.

இந்த மரத்தின் மதிப்பை ஆட்சியாளர்கள் வெகுகாலமாகவே உணர்ந்திருந்தனர். 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். அதாவது, எவர் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்கே சொந்தம். முதல் உலகப் போரின்போது சந்தனக் கட்டைகளின் ஏற்றுமதி தடைபடவே, மைசூர் அரசு 1916இல் சொந்தமாக எண்ணெய் வடிக்கும் ஆலையை நிறுவியது. மைசூர் என்ற ஊர்ப்பெயர் உலகெங்கும் சந்தனத்தின் தரத்தைக் குறிக்கும் சொல்லாகவே ஆயிற்று.

ஆனால் காடு கொடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 1899இல் குடகுப் பகுதியில் கண்டறியப்பட்ட 'ஸ்பைக்' நோய், இலைகளைச் சிறுக்கவைத்து மரங்களை அழித்தது. கள்ள வெட்டு மறுபுறம் காடுகளைக் காலி செய்தது. நிலத்தில் தானாக முளைத்த சந்தனக் கன்று தனக்குச் சொந்தமாகாது என்பதோடு, அது களவு போனால் அலைச்சலும் தனக்கே என்று அஞ்சிய உழவர், கன்றாக இருக்கும்போதே அதைக் கிள்ளி எறிந்ததும் உண்டு. 1998இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சாண்டலம் ஆல்பத்தை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

மரம் குறைந்தது. மணத்தை விரும்பியவர் தொகையோ பெருகியது. இந்த இடைவெளியை நிரப்பியது எது என்பதற்கு விடை, நம் பூசையறையிலேயே இருக்கிறது.

ஆரத்தித் தட்டில் ஒரு முன்னோடி

நாம் ஆரத்தி காட்டும் கற்பூரமும் ஒரு காலத்தில் மரத்திலிருந்தே வந்தது. கிழக்காசியாவில் வளரும் கற்பூர மரத்தை வெட்டி, சீவலாக்கி, நீராவியில் வடித்து எடுத்தார்கள். தைவான் தீவு ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது, 1899 முதல் கற்பூர வணிகம் அரசின் தனியுரிமையாயிற்று. கற்பூரத்துக்கு அந்நாளில் பெரிய கிராக்கி இருந்தது. படச்சுருள் முதல் சீப்பு வரை பலவும் செய்யப் பயன்பட்ட செல்லுலாய்டுக்கு அது இன்றியமையாத பொருள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலார் மாற்று வழி கண்டார்கள். பைன் மரப்பாலிலிருந்து வடிக்கும் டர்பன்டைன் எண்ணெயில் ஆல்ஃபா பைனீன் என்ற பொருள் நிறைந்திருக்கிறது. அதை அமிலத் தன்மையுள்ள வினையூக்கியின் துணையால் மாற்றினால் கேம்ஃபீன் கிடைக்கும். பைனீனிலும் கேம்ஃபீனிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அடுக்கப்பட்டிருக்கும் முறைதான் வேறு. கேம்ஃபீனை மேலும் சில படிகள் நடத்திச் சென்றால் கற்பூரம்.

1960களில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் இவ்வகைக் கற்பூரம் செய்யும் ஆலை எழுந்தது. இன்று தமிழ்நாட்டில் காஞ்சிபுரத்தை அடுத்தும் அத்தகைய ஆலை உண்டு. நம் இமயமலைச் சரிவுகளில் பைன் மரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அங்குள்ள சீர் பைன் தரும் டர்பன்டைனில் கேரீன் என்னும் வேறொரு பொருளே மிகுதி. ஆகவே பைனீனைப் பெரும்பாலும் கப்பலில் வரவழைக்கிறோம். அதிலும் கணிசமான பகுதி, மேலை நாடுகளில் பைன் மரத்தைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் ஆலைகளில் கிடைக்கும் உபரிப் பொருள்.

ஆரத்திக் கற்பூரம் ஆலையில் பிறக்கிறது என்பதால் எவருடைய பக்தியும் குறைந்துவிடவில்லை. நம் நாட்டின் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் வேண்டிய கற்பூரம் முழுவதையும் மரத்தை வெட்டித்தான் பெறவேண்டும் என்றிருந்தால், கற்பூர மரத்தின் கதி என்னவாகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

செயற்கைச் சந்தன மணத்தின் கதையும் அதே கேம்ஃபீனில்தான் தொடங்குகிறது. கேம்ஃபீனைக் குவயகால் என்னும் பொருளோடு சேர்க்கிறார்கள். விறகு எரியும்போது எழும் புகைக்கு அதன் தனி வாசனையைத் தரும் பொருள்களுள் ஒன்று குவயகால். இரண்டும் இணைந்த கலவையில், உலோக வினையூக்கியின் உதவியோடு உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்துகிறார்கள். முடிவில் கிடைப்பது கெட்டியான, நிறமற்ற ஒரு திரவம். ஐசோபோர்னைல் சைக்ளோஹெக்சனால் என்பது அதன் பெயர். பைன் மரத்தின் காரமும் இல்லை, புகையின் நெடியும் இல்லை. மூக்கு அறிவது சந்தனத்தை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்குக்கு வந்த இந்தப் பொருளில் ஒரு விந்தை உண்டு. இது ஒரே பொருளன்று. ஒரே அணுக்கள் வெவ்வேறு விதமாக அடுக்கப்பட்ட பல மூலக்கூறுகளின் கலவை. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மணமே இல்லை. ஒரு சிலவே சந்தனமாய் மணக்கின்றன. கூட்டத்தில் சிலர் பாட, மற்றவர் வாயசைப்பது போன்ற நிலை. எனினும் விலை மலிவு, சோப்பின் காரத்தில் கெடாத உறுதி, நீடித்து நிற்கும் தன்மை ஆகியவற்றால் சோப்பிலும் ஊதுவத்தியிலும் முகப்பவுடரிலும் அது நிலைபெற்றுவிட்டது. கற்பூரம் செய்யத் தெரிந்த நாட்டுக்கு இதைச் செய்வதும் பெரிய காரியமாக இல்லை.

அடுத்த தலைமுறைப் பொருள்களும் டர்பன்டைனின் வழித்தோன்றல்களே. பைனீனுடன் ஆக்சிஜனைச் சேர்த்து, கேம்ஃபோலினிக் ஆல்டிஹைடு என்ற இடைநிலைப் பொருளைப் பெறுகிறார்கள். அதிலிருந்து சாண்டலோர், பாக்டனால், ஜவனால் போன்ற பெயர்களில் பல மணப்பொருள்கள் பிறந்தன. இவற்றுள் சுவிட்சர்லாந்தின் ஜிவோடான் நிறுவனம் உருவாக்கிய ஜவனாலின் ஆற்றல் வியப்புக்குரியது. ஒரு லிட்டர் காற்றில் 0.02 நானோகிராம் அளவே இருந்தாலும் மூக்கு அதை அறிந்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு.

இந்தப் பொருள்கள் எவையும் சான்டலாலின் நகல் அல்ல. சந்தன மரத்துக்குள் இவை இருப்பதில்லை. அமைப்பில் வேறானவையாக இருந்தும், நம் மூக்கிலுள்ள உணர்விகள் இவற்றையும் சந்தனம் என்றே படிக்கின்றன. உணர்விகள் மூக்கில் மட்டும் இல்லை என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. 2014இல் ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதத் தோலின் உயிரணுக்களிலும் மணம் அறியும் உணர்வி ஒன்று இருப்பதையும், அது சாண்டலோருக்கு எதிர்வினை காட்டுவதையும் கண்டறிந்தனர்.

மரத்திலிருந்து வரும் எண்ணெயோ பல பொருள்கள் கூடிய ஒரு முழுமை. தோலில் இட்ட முதல் நிமிடத்தில் ஒரு மணம், ஒரு மணி நேரம் கழித்து ஒரு மணம், மாலையில் இன்னொரு மென்மை என்று அது மாறிக்கொண்டே செல்லும். செயற்கைப் பொருள் பெரும்பாலும் ஒரே சுருதியில் நிற்கும். தேர்ந்த வாசனைத் தொழிலர் இரண்டையும் கலந்து கையாள்வது இதனால்தான். எண்ணெய் ஆழத்தைத் தரும். செயற்கைப் பொருள் அதை நெடுந்தூரம் எடுத்துச் செல்லும்.

கன்னோஜ் சொல்லும் பாடம்

மாற்றுப் பொருளால் நன்மை விளைந்த இடத்தைப் பார்த்தோம். சிக்கல் எழுந்த இடம் ஒன்றையும் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் கங்கைச் சமவெளியில் உள்ள கன்னோஜ், நூற்றாண்டுகளாக அத்தர் வடிக்கும் நகரம். 2014இல் கன்னோஜ் வாசனைப் பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அங்கு 'டேக்' எனப்படும் செம்புக் கொப்பரையில் ரோஜா இதழ்களையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சென்று, நீர்த்தொட்டியில் அமர்ந்திருக்கும் 'பப்கா' என்ற செம்புக் கலத்தில் குளிர்ந்து இறங்குகிறது. அந்தக் கலத்துக்குள் முன்கூட்டியே ஊற்றி வைத்திருப்பது சந்தன எண்ணெய். ரோஜாவின் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. நாள்தோறும் புது மலரிட்டு, அதே எண்ணெயில் மணத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஆகவே, மரபுவழி அத்தர் எதுவாயினும் அதன் அடித்தளம் சந்தனமே.

சந்தன எண்ணெயின் விலை ஏறியபோது அந்த அடித்தளம் ஆட்டம் கண்டது. முதலீடு செய்ய இயலாதவர்கள் திரவப் பாரஃபின், டைஆக்டைல் தாலேட் போன்ற மலிவான, மணமற்ற திரவங்களுக்கு மாறினார்கள். கொப்பரை அதே கொப்பரைதான். மலரும் அதே மலர்தான். தாங்கிப் பிடிக்கும் பொருள் மாறிவிட்டது. வாங்குபவர் அதை அறிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்கினால் அதுவும் ஒரு நேர்மையான பண்டமே. சந்தன அத்தர் என்ற பெயரில், சந்தன அத்தரின் விலைக்கு விற்கப்படும்போதுதான் அது வஞ்சகமாகிறது. அதனால் நட்டப்படுபவர் வாங்குபவர் மட்டும் அல்லர். இன்னும் சந்தன எண்ணெயிலேயே வடித்துக்கொண்டிருக்கும் கைவினைஞர், போலியின் விலையோடு போட்டியிட முடியாமல் தொழிலை விடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்.

வாங்கும் முன் நாம் பார்க்க வேண்டியவை

ஆக, சந்தன மணம் என்பது இன்று இரண்டு பண்டங்கள். ஒன்று, ஒரு மரம் பல்லாண்டு சேர்த்து வைத்தது. மற்றொன்று, மனித அறிவு டர்பன்டைனிலிருந்து கட்டியெழுப்பியது. இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு உண்டு, விலையும் தனித்தனி. ஒன்றின் விலையைக் கொடுத்துவிட்டு மற்றொன்றை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருக்க, சில செய்திகளை நினைவிற் கொள்வது நலம்.

முதலாவது, உறையிலுள்ள சொற்கள். 'சந்தன மணம்' என்பதும் 'சந்தன எண்ணெய் சேர்த்தது' என்பதும் வேறு வேறு. உட்பொருள் பட்டியலில் பெர்ஃப்யூம் அல்லது ஃப்ரேக்ரன்ஸ் என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், மணம் எதிலிருந்து வந்தது என்பதை அச்சொல் கூறாது. சாண்டலம் ஆல்பம் எண்ணெய் என்று தனியே குறிப்பிட்டிருந்தால், தயாரிப்பாளர் அதற்குப் பொறுப்பேற்கிறார் என்று பொருள்.

இரண்டாவது, பெயரொற்றுமை. மேலை ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வளரும் சாண்டலம் ஸ்பிகேட்டம் வேறு இனம். அதன் எண்ணெயில் சான்டலால் குறைவு. அதே மாநிலத்தில் நம் சாண்டலம் ஆல்பத்தையும் தோட்டமாகப் பயிரிடுகிறார்கள் என்பதால், 'ஆஸ்திரேலியச் சந்தனம்' என்ற பெயரை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. 'மேற்கிந்தியச் சந்தனம்' என்று விற்கப்படும் அமைரிஸ் எண்ணெயோ சந்தனக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று.

மூன்றாவது, பெருந்தொகைக்கு எண்ணெய் வாங்குவோர் மூக்கை மட்டும் நம்பலாகாது. வாயு நிறப்பிரிகைச் சோதனை அறிக்கையைக் கேட்டுப் பெற்று, மேலே சொன்ன சான்டலால் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முறை. கன்னோஜில் 1991 முதல் இயங்கிவரும் மணம் மற்றும் சுவை மேம்பாட்டு மையம் போன்ற ஆய்வுக் கூடங்கள் இதற்கெனவே உள்ளன.

நான்காவது, உடல்நலம். ஆலையில் செய்தது என்பதாலேயே தீங்கானது என்றோ, மரத்திலிருந்து வந்தது என்பதாலேயே எவருக்கும் ஒவ்வும் என்றோ எண்ணுவது பிழை. ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவை என்று உறையில் தனியே குறிப்பிட வேண்டிய மணப்பொருள்களின் பட்டியலை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விரிவாக்கியபோது, இயற்கைச் சந்தன எண்ணெயையும் அதில் சேர்த்தது. புதிதாக எதை வாங்கினாலும் முன்கையில் சிறிது தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

மரத்தை நட எண்ணுவோருக்கு

சேமிப்பின் ஒரு பகுதியைச் சந்தனத் தோட்டத்தில் இடலாமா என்று நம் வாசகர்களுள் சிலர் எண்ணக்கூடும். சட்டம் இப்போது முன்னைப் போல் இல்லை. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் தத்தம் வனச் சட்டங்களைத் திருத்தி, தனியார் நிலத்திலுள்ள சந்தனத்தை நில உரிமையாளருக்கே உரியதாக்கின. ஆயினும் மரத்தை வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறையின் விதிகள் உண்டு. அவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கன்று நடுவதற்கு முன்பே அவற்றைக் கேட்டறிவது அறிவுடைமை.

சில விளம்பரங்கள் ஏக்கருக்கு இத்தனை கோடி என்று ஆசை காட்டுகின்றன. அவை மரத்தின் எண்ணிக்கையைச் சொல்லும். வைரம் பாயுமா என்பதைச் சொல்லமாட்டா. ஒரே வயதுடைய இரு மரங்களில் ஒன்றில் வைரம் திரண்டும் மற்றொன்றில் மெலிந்தும் இருப்பது உண்டு. துணைச் செடி, நோய், காவல், களவு என எல்லாமே செலவுக் கணக்கில் வரும். பதினைந்து ஆண்டுகளுக்கு முடங்கிக் கிடந்தாலும் குடும்பத்தை அசைக்காத பணத்தை மட்டுமே அதில் இடுவது தகும். பிறர் நடும் தோட்டத்தில் பங்கு தருவதாகச் சொல்வோரிடம், நிலத்தின் பத்திரம் யார் பெயரில் உள்ளது என்ற ஒரு கேள்வியையாவது முதலில் கேட்டுவிட வேண்டும்.

ஆலை மணம் பெருகிவிட்டதால் மரத்துக்கு மதிப்புக் குறைந்துவிடுமோ என்ற ஐயமும் எழலாம். கேரளத்தின் மறையூரில் வனத்துறை நடத்தும் மின்னணு ஏலத்துக்கு, சந்தனக் கட்டை தேடி வருவோர் இன்றும் இருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதித்தல் முறையில் சான்டலாலையே உருவாக்கும் முயற்சிகள் சந்தைக்கும் வந்துவிட்டன. நாளை அவை எவ்வளவு மலிந்தாலும், கல்லில் இழைக்க ஒரு கட்டை வேண்டுமென்றால் மரத்திடம்தான் செல்ல வேண்டும்.

தேயத் தேய மணப்பது சந்தனம் என்பது நம் முன்னோர் வழக்கு. காட்டில் அதன் எண்ணிக்கையே தேய்ந்துவந்த காலத்தில், சோப்பின் சுமையையும் ஊதுவத்தியின் சுமையையும் பைன் மரத்தின் பிசின் ஏற்றுக்கொண்டது. அந்த மாற்றுக்கு நாம் நன்றி பாராட்டலாம். அதற்குரிய விலையை மட்டும் அதற்குக் கொடுப்போம். உண்மைச் சந்தனத்துக்குக் கொடுக்கும் விலை, பல்லாண்டு காத்திருந்து அதை வளர்த்தவரையும் கொப்பரையருகே அதை வடித்தவரையும் சென்று சேரட்டும்.